பனங்காடையை எண்ணி வையுங்கள்: டெல்டாவில் உயிரினக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால், மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடைகளை எண்ணிப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பு; யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கம்பியை விட்டு எழுந்ததும் இறக்கையில் இரண்டு விதமான நீலம் பளீரென்று விரியும். போன முறை நான் எண்ணியபோது மூன்று இருந்தன. என் மாமனார் தன் சிறு வயதில் பனைமரத்துக்கு ஒன்று இருந்தது என்கிறார். மரத்துக்கு ஒன்றா, பத்து மரத்துக்கு ஒன்றா என்று துருவினால் சிரித்து மழுப்புகிறார். அவர் மேல் குற்றமில்லை. அன்றைக்கு அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. 30,000-க்கும் அதிகமான பறவை ஆர்வலர்கள் கொடுத்த மூன்று கோடிப் பதிவுகள்தான் அதற்கு அடிப்படை. நாடு முழுவதும் குறைந்துவருவதால் உடனே கவனிக்க வேண்டியவை என்று அது குறித்த பறவைகளில் பனங்காடையும் ஒன்று. சிட்டுக்குருவி அழிந்தேவிட்டது என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தோம். பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, மற்றபடி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்று 2020-ல் வந்த முந்தைய அறிக்கை சொல்லிவிட்டது. நாம் ஒரு குருவிக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வேறொரு பறவை சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருந்தது.

அந்த மூன்று கோடியையும் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். ஆசிரியர்கள், மாணவர்கள், வங்கி ஊழியர்கள், வீட்டில் இருப்பவர்கள். நானும் அந்த வகைதான். தொடங்க என்ன வேண்டும், எங்கே தடுக்கி விழுவீர்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மதகைத் தேர்ந்தெடுங்கள்

பறவை பார்ப்பது என்றதும் எல்லோரும் கோடியக்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கரைவெட்டி. போக வேண்டிய இடங்கள்தான். கோடியக்கரை 2002-லும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும், கரைவெட்டி 2024-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டு வருகிறார்கள். அங்கெல்லாம் எண்ணுவதற்கு ஆள் இருக்கிறது. உங்கள் ஊர் வாய்க்காலுக்குத்தான் ஆள் இல்லை.

ஆகவே, ஒரு மதகிலிருந்து அடுத்த மதகு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய இடம் சுமார் 700 மீட்டர். ஒரு பக்கம் நெல்வயல். மறுபக்கம் நெய்வேலி காட்டாமணக்குப் புதர். நடுவில் ஒரு பம்பு செட் கொட்டகை, அதன் பின்னால் மூங்கில் கொத்து. பார்க்க ஒன்றுமே இல்லாத இடம். நான்கு ஆண்டுகளில் அங்கே 90-க்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பார்த்துவிட்டேன்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சோம்பலாக இருக்கும் நாளிலும் இங்கே போவேனா? பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போக வேண்டிய அழகான ஏரியைவிட, பால் வாங்கப் போகும் வழியில் இருக்கும் கோயில் குளம் மேல். மொட்டை மாடி போதும், பள்ளிக்கூட மைதானம் போதும். எங்கள் ஊரில் மிக நல்ல இடம் சுடுகாட்டை ஒட்டிய படுகை. யாரும் மரம் வெட்டப் போகாததால் புளியும் இலுப்பையும் நிழல் கட்டி நிற்கின்றன. அங்கே போவதற்கு வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

கொக்கு என்றால் எந்தக் கொக்கு?

பார்த்ததைப் பதிவு செய்ய ஒரு செயலி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அதைப் பதிவிறக்கும் முன், ஒரு வாரம் வெறும் கண்ணால் பாருங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். காக்கை, மைனா, கரிச்சான், மீன்கொத்தி, செம்போத்து, கிளி, தவிட்டுக்குருவி, ஆள்காட்டி, புறா, மயில். பத்து வந்துவிட்டதா? டெல்டாவில் வளர்ந்த யாருக்கும் பத்து வந்துவிடும். இந்தப் பத்தையும் சந்தேகமில்லாமல் அடையாளம் சொல்வதுதான் அடுத்த வேலை. ஏனென்றால் ‘காக்கை’ என்று நாம் சொல்வதிலேயே இரண்டு இருக்கின்றன. கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது ஊர்க் காக்கை. உடம்பு முழுக்கக் கறுத்து, அலகு தடித்திருப்பது அண்டங்காக்கை. கனுப்பிடி வைக்கும் நாளில் வாழை இலைக்கு இறங்கும் கூட்டத்தை ஒருமுறை பிரித்து எண்ணிப் பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது கொக்கில். வயலில் வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்கு என்று எழுதினால் அந்தப் பதிவினால் பயன் குறைவு. நின்று நிதானமாகப் பார்த்தால் பிரிப்பது ஒன்றும் கடினமில்லை.

காலைப் பாருங்கள். அலகும் காலும் கறுத்து, பாதம் மட்டும் மஞ்சள் செருப்புப் போட்டது போல் இருந்தால் சின்னக் கொக்கு. சேற்றுக்குள் நிற்கும்போது பாதம் தெரியாது. ஓர் அடி எடுத்து வைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அலகு மஞ்சளாக, கழுத்து குட்டையாக, மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னால் ஓடுவது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும். எல்லாவற்றையும்விட உயரமாக, கழுத்தைக் கேள்விக்குறி போல் வளைத்துத் தனியாக நிற்பது பெரிய கொக்கு; அதன் வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். சின்னதற்கும் பெரியதற்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. வாய்ப்பிளவு கண்ணுக்கு நேராக நின்றுவிட்டால் அதுதான். வரப்பு ஓரத்தில் மண் நிறத்தில் உறைந்து போய் உட்கார்ந்திருந்து, காலடிக்குப் பக்கத்தில் திடீரென வெள்ளை இறக்கையை விரித்துப் பறந்து நம்மைத் திடுக்கிட வைப்பது மடையான்.

எது என்று தெரியாவிட்டால் ‘ஏதோ ஒரு கொக்கு’ என்று எழுதலாம். செயலியில் அதற்கும் இடம் உண்டு. ஊகித்து எழுதிய பெயரைவிட அது நேர்மையானது.

பைனாகுலர் முதல் மாதம் வேண்டாம். பிறகு வாங்கினால் 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டது போதும். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். வாங்கியவர்கள் பலர் அலமாரியில் வைத்திருக்கிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

பட்டியல் போடுவது

பறவைகளுக்கு இபேர்ட் என்ற செயலி. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கியது. இந்தியாவில் பேர்ட் கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு இதை ஒருங்கிணைக்கிறது. இலவசம். இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத திடலிலும் வேலை செய்யும்.

மதகில் நின்றதும் ‘தொடங்கு’ என்று அழுத்துங்கள். நேரமும் நடந்த தூரமும் தானாக ஓடும். குறைந்தது 15 நிமிடம். பார்ப்பதையும் கேட்பதையும் எண்ணிக்கையோடு சேர்த்துக்கொண்டே போங்கள். முடிக்கும்போது செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிவு செய்துவிட்டீர்களா? இந்தக் கேள்வியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். கணக்கெடுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

‘ஆம்’ என்று நீங்கள் சொன்னால், பட்டியலில் இல்லாதவையும் தகவலாகிவிடுகின்றன. நான் 20 நிமிடம் நடந்து, கண்ணில் பட்ட 18 இனங்களையும் எழுதி, பனங்காடையை எழுதவில்லை என்றால், அன்று அது கண்ணில் படவில்லை என்று பொருள். நூறு பட்டியலில் எத்தனையில் பனங்காடை இருந்தது என்ற விகிதத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுத்தான் ஒரு பறவை கூடுகிறதா குறைகிறதா என்று சொல்கிறார்கள். காக்கையும் மைனாவும் எதற்கு என்று விட்டுவிட்டு மீன்பிடிப் பருந்தை மட்டும் எழுதுகிறவர், அந்த விகிதத்தைக் கணக்கிட முடியாமல் செய்துவிடுகிறார். வேறு வேலையாகப் போகும்போது ஒரு பறவையை மட்டும் கண்டு குறித்தால் ‘இல்லை’ என்று சொல்லுங்கள். அதுவும் பதிவுதான், வேறு வகைப் பதிவு.

அடுத்தது எண்ணிக்கை. ‘நிறைய’ என்பது எண் அல்ல. நாற்று நடவுக்கு முன் சேடை ஓட்டும் டிராக்டர் பின்னால் கொக்குகள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் புரட்டிப் போடும் சேற்றிலிருந்து தப்பி ஓடும் பூச்சியையும் தவளையையும் பிடிக்கத் தாவும், பறக்கும், முன்னால் இருப்பது பின்னால் போகும். ஒவ்வொன்றாக எண்ணினால் முடியவே முடியாது. நெல் அளப்பது போலச் செய்ய வேண்டும். ஓர் ஓரத்தில் பத்துக் கொக்கை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதை ஒரு படியாக வைத்து மொத்தக் கூட்டத்தையும் அளந்து வாருங்கள். ஏழு படி, கொஞ்சம் மேலே. 75 என்று எழுதுங்கள். 68 ஆகவும் இருக்கலாம், 80 ஆகவும் இருக்கலாம். ‘நிறைய’ என்பதைவிட நூறு மடங்கு நல்லது. டிராக்டர் திரும்பி வரும்போது அதே கூட்டத்தை மறுபடி எண்ணிச் சேர்த்துவிடாதீர்கள். நான் சேர்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தவறும் செய்திருக்கிறேன். வடுவூர் ஏரிக்கரையில் ஒரு நாள் கூழைக்கடா 40 என்பதற்கு 400 என்று விரல் தவறி அழுத்திவிட்டேன். சில நாட்களில் ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்படி வழக்கத்துக்கு மாறான எண்களையும் அந்த ஊரில் அந்தப் பருவத்தில் எதிர்பாராத பறவைகளையும் தன்னார்வச் சரிபார்ப்பாளர்கள் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். எனக்குத்தான் பரீட்சைத் தாளில் சிவப்பு மை பட்டது போல முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு திருத்திவிட்டு நன்றி சொன்னேன். உங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வரும். பட்டியலை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். உடனே பதில் எழுதிவிடுங்கள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் என்ற செயலியும் அதே ஆய்வகத்தினுடையதுதான். கற்றுக்கொள்ள அருமையான துணை. ஆனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றக் கூடாது. கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் போலச் செய்யும், மெர்லினும் ஏமாறும். செயலி பெயரைச் சொன்னதும் குரல் வந்த திசையில் பறவையைத் தேடுங்கள். கண்டால் எழுதுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அறுவடை முடிந்த வயலில் ஆயிரக்கணக்கில் மேய விட்டிருக்கும் வாத்துகள் வளர்ப்பு வாத்துகள். அவற்றை எண்ணிப் பெருமைப்பட்ட ஒரு நண்பர் எனக்கு உண்டு.

நத்தைக்கூடு

பட்டியல் போடும் பழக்கம் வந்ததும் கண் தானாக மெதுவாகும். போன கார்த்திகையில் வரப்போரமாக நத்தைக்கூடுகள் குவியலாகக் கிடப்பதைப் பார்த்தேன். எதுவும் உடைந்திருக்கவில்லை, எல்லாம் காலி. கொஞ்சம் தள்ளி ஒரு நத்தைகுத்தி நாரை தண்ணீருக்குள் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. இந்த நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். பாக்குவெட்டியைப் பாதி திறந்து வைத்தது போல. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். அலகு ஒரு நத்தையோடு மேலே வந்தது. நாரை அதைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை மூடிக்கும் ஓட்டுக்கும் நடுவில் செலுத்தித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அசைத்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. சதை உருவிக்கொண்டு வெளியே வந்தது. ஓடு முழுசாக வரப்பில் உருண்டது. நாற்றைத் தின்னும் நத்தைக்கு மருந்து தேடும் விவசாயி பக்கத்து வயலில்தான் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம்.

இப்படிப்பட்டதைக் குறிப்புப் பகுதியில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: என்ன தின்றது, எங்கே கூடு கட்டியது, வயலில் என்ன பயிர், தண்ணீர் நின்றதா. பெயரும் எண்ணும் மட்டும் போதும் என்று செயலி விட்டுவிடும். ஆனால் தண்ணீர் நின்றதா இல்லையா என்பதுதான் டெல்டாவில் பாதிச் செய்தி.

பறவை மட்டுமா?

இல்லை. மற்ற எல்லா உயிர்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம் இருக்கிறது. இங்கே எண்ணிக்கையைவிடச் சான்று முக்கியம்: ஒரு புகைப்படம் அல்லது ஒலிப்பதிவு, தேதி, இடம். பெயர் தெரியாவிட்டால் ‘செடி’, ‘பூச்சி’ என்று போட்டாலும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து தெரிந்தவர் வந்து பெயர் சொல்வார். இரண்டு பேராவது ஒத்துக்கொண்டு, மாறுபடுவோர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெறும்.

கொல்லையில் தொடங்குங்கள். கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் கிள்ளி எறிய வேண்டாம். அது பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும். சில நாட்களில் பச்சையாக மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டிக் காரமான வாசனை விடும். தினம் ஒரு படம் எடுங்கள். எருக்கஞ்செடியில் மஞ்சள், கறுப்பு, வெள்ளைக் கோடு போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன் ஆகப்போகிறது.

படம் எடுப்பதற்கு விலையுயர்ந்த கேமரா வேண்டாம், பல கோணங்கள் வேண்டும். பட்டாம்பூச்சிக்கு இறக்கையின் மேல்புறமும் அடிப்புறமும். தட்டானுக்கு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மரத்துக்கு இலை, பட்டை, பூ, காய், முழு உருவம். வீட்டில் நட்டு வளர்க்கும் செம்பருத்தியைப் பதிந்தால் ‘வளர்ப்பது’ என்று குறித்துவிடுங்கள்; நம் ஆட்கள் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

ஐப்பசி மழை முதல் நாள் கொட்டியதும் இரவு திண்ணையில் உட்கார்ந்து ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். தவளைகள் கத்தும் சத்தமே போதும், இறங்கிப் போய்ப் படம் எடுக்க வேண்டாம். மறுநாள் காலை வயலில் தண்ணீர் தேங்கிய இடத்தில் எலுமிச்சை நிறத்தில் பெரிய தவளை ஒன்று தொண்டையின் இரு பக்கமும் நீலப் பையை உப்பிக்கொண்டிருந்தால் வியக்க வேண்டாம்; மழை வந்ததும் அந்த இனத்தின் ஆண் நிறம் மாறுகிறது. அதே நாட்களில் வயலுக்கு மேல் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான்களில் ஒரு வகை இந்தியப் பெருங்கடலையே தாண்டி ஆப்பிரிக்கா வரை போவதாக அறிகிறார்கள். நாம் வாலில் நூல் கட்டி விளையாடியது அதைத்தான்.

சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பாம்பும் ஒரு பதிவுதான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு படம். செத்தது என்று நினைத்துத் தொட வேண்டாம்.

நடக்க முடியாதவர்களுக்கும் நேரமே இல்லாதவர்களுக்கும் மரம் இருக்கிறது. சீசன்வாட்ச் திட்டத்தில் ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறித்தால் போதும். எங்கள் தெருவில் எழுபது வயது தாண்டிய ஓர் அத்தை தன் வாசல் வேப்பமரத்தைக் குறித்து வருகிறார். இரண்டு நிமிட வேலை. தவற விட்டதே இல்லை.

வரப்பில் நடக்கும்போது

கழுத்தில் பைனாகுலர் தொங்க, தென்னந்தோப்புப் பக்கம் மேலே பார்த்துக்கொண்டு நடக்கும் ஆளை ஊர் சும்மா விடாது. அளக்க வந்தவர், குழாய் பதிக்க வந்தவர், திருடவே வந்தவர் என்று மூன்று சந்தேகம் வரும். முதல் நாளே வயல்காரரிடம் போய், இன்னார் வீட்டுப் பெண், பறவை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பைனாகுலரைக் கையில் கொடுத்து ஒரு மீன்கொத்தியைக் காட்டினேன். அதன் பிறகு அவர்தான் எனக்குத் தகவல் சொல்கிறார். ‘நேற்று ராத்திரி பறவை தாங்கியில் கூகை உட்கார்ந்திருந்தது, வந்து பார்’ என்று ஆள் அனுப்புகிறார். எலிக்காகவும் பூச்சிக்காகவும் வயலில் நட்டு வைக்கும் அந்த டி வடிவக் குச்சியில் பகலில் கரிச்சான், இரவில் ஆந்தை. மயிலைப் பற்றி மட்டும் அவரிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. நாற்றங்காலைக் கிளறிவிட்டுப் போகும் மயில் அவருக்கு தேசியப் பறவை அல்ல. அவர் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது, நம் எண்ணிக்கைக்கும் வேலை இருக்கிறது.

பெண்கள் தனியாகப் போவதானால் விடிந்த பிறகு போங்கள், வீட்டில் எந்த மதகு என்று சொல்லிவிட்டுப் போங்கள். செருப்பில்லாமல் வரப்பில் நடக்காதீர்கள். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நம் ஊர்க்காரர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து தெளித்த வயலில் அன்று இறங்காதீர்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில், நேற்று முழங்கால் அளவு இருந்தது இன்று இடுப்பளவு வரும்.

கூட்டின் அருகே போய்ப் படம் எடுக்க வேண்டாம். நீங்கள் விலகியதும் அந்த வழியைக் காக்கை கண்டுகொள்ளும். ஆந்தை, கழுகு ஆகியவற்றின் கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் சொல்லாதீர்கள். பாதுகாக்கப்பட்ட காட்டுயிர்களைப் பிடிப்பதும், முட்டை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘ஆராய்ச்சிக்காக’ என்பது நமக்கு விலக்கு ஆகாது.

மேட்டூரைப் பார்த்து நாட்காட்டி

கணக்கெடுப்புகளுக்கு இந்தியா முழுவதற்குமான நாட்காட்டி ஒன்று உண்டு. ஆனால் டெல்டாவில் பறவையும் தவளையும் பார்ப்பது மேட்டூரைத்தான். வழக்கப்படி ஜூன் 12-ல் அணை திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டிக் கிளை வாய்க்காலுக்குள் நுழையும் வாரத்தில் தொடங்கினால் ஓர் ஆண்டின் முழுச் சுற்றும் கிடைக்கும். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் நாளில் ஒரு பட்டியலும், ஒரு வாரம் கழித்து ஒரு பட்டியலும் போடுங்கள். வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் பட்டாம்பூச்சிகளுக்கான மாதம். நாடு முழுவதும் பதிகிறார்கள். அந்த மாதமே மின்கம்பியில் தகைவிலான்கள் வரத் தொடங்கும். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் மீசை ஆலாக்கள் நாற்றுக்கு மேலே தாழ்ந்து தாழ்ந்து பறக்கும், உள்ளான்கள் எழும். அவற்றின் பெயரை முதல் ஆண்டிலேயே கற்றுவிட வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாடெங்கும் பட்டியல் போடுவார்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஊருக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள், இழுத்துக்கொண்டு போகலாம். அதே மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும். வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்தால், பழகியவர்களோடு ஒரு குழுவில் போடுவார்கள். ஒரே நாளில் கற்பது ஒரு வருடத்துக்கு வரும். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் பாடமாகவே இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் உண்டு.

பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகம் முழுவதும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு. அதற்குள் வழக்கப்படி ஜனவரி 28-ல் அணையை மூடியிருப்பார்கள்; சம்பா அறுத்த ஈரத்தில் உளுந்து முளைத்திருக்கும். வயலுக்கு வரும் பறவைகளும் மாறியிருக்கும்.

மிச்சம் கோடை. தரிசில் ஆட்டுக்கிடை, வெடித்த களிமண், குட்டையில் கணுக்கால் தண்ணீர். இந்த மாதங்களில்தான் பட்டியல்கள் அடியோடு குறைகின்றன. பறவை இருக்காது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். தண்ணீர் மிஞ்சிய ஒரே கோயில் குளத்தில் ஊரிலுள்ள அத்தனை தாழைக்கோழியும் நீர்க்காகமும் கூடியிருக்கும். ஐந்து நிமிடம் படித்துறையில் உட்கார்ந்தால் மொத்த ஊரையும் எண்ணிவிடலாம். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை உலகப் பறவை நாள் கணக்கெடுப்பு வருகிறது, அதற்காகவாவது போங்கள்.

ஓராண்டு முடிந்ததும் இபேர்ட் தளத்தில் உங்கள் இடத்துக்கான பட்டை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பறவைக்கும் வாரம் வாரமாகப் பச்சைப் பட்டை ஓடும். அடிக்கடி பார்த்த வாரத்தில் தடித்தும், எப்போதாவது பார்த்ததில் மெலிந்தும். பட்டியலே போடாத வாரத்தைத் தனியாகக் காட்டிவிடும். என் 700 மீட்டரில் பனங்காடைக்கு ஆவணி முதல் மாசி வரை மெலிசான பட்டை, பங்குனிக்குப் பிறகு கொஞ்சம் தடிப்பு. சித்திரைக் கடைசியில் மூன்று வாரம் எல்லாப் பறவைக்கும் சேர்த்து ஒரே வெற்றிடம். பறவைகள் எங்கேயும் போகவில்லை. நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்.